கழனியும் கணவாயும்: பைசாந்தியப் படைவீரரின் வாழ்க்கை

கி.பி. 636இல் யார்மூக் ஆற்றங்கரையில் அரபுப் படைகளிடம் தோற்ற பைசாந்தியப் பேரரசு, அடுத்த சில ஆண்டுகளுக்குள் சிரியாவையும் பாலஸ்தீனத்தையும் எகிப்தையும் இழந்தது. தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளுக்குச் சோறு போட்ட எகிப்தின் கோதுமை நின்றது. கருவூலத்தை நிரப்பிய கீழை மாகாணங்களின் வரியும் நின்றது. பேரரசர் ஹெராக்ளியஸின் எஞ்சிய படைகள் தாரஸ் மலைத்தொடரைத் தாண்டி அனத்தோலியப் பீடபூமிக்குப் பின்வாங்கின. படை இருந்தது, அதற்குக் கூலி கொடுக்கப் பொன் இல்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்குப் பைசாந்தியப் போர்முறையும் அதன் வீரர்களின் அன்றாட வாழ்வும் இந்த ஒரு நெருக்கடியைச் சுற்றியே அமைந்தன.

பின்வாங்கிய படைகள் அனத்தோலியாவில் ஆளுக்கொரு பகுதியாகத் தங்கின. கீழைப் படை தங்கிய பகுதி அனதோலிக்கோன் ஆனது. ஆர்மீனியப் படையின் பகுதி அர்மெனியாக்கோன், திரேஸிலிருந்து வந்த படையின் பகுதி த்ராக்கேசியோன், பேரரசரின் அருகில் நின்ற படையின் பகுதி ஒப்சிக்கியோன். இத்தகைய படைப்பகுதியைத் 'தெமா' என்றனர். தொடக்கத்தில் தெமா என்பது படையைத்தான் குறித்தது. காலப்போக்கில் அந்தப் படை வாழ்ந்த மாகாணத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஒவ்வொரு தெமாவுக்கும் ஸ்த்ரத்தேகோஸ் என்ற தளபதி இருந்தார். பிற்பாடு குடிமை நிர்வாகமும் அவர் கைக்கே வந்தது. அவருக்குக் கீழே தூர்மா, ட்ரூங்கோஸ், பாந்தோன் எனப் படை இறங்குவரிசையில் பிரிந்தது. கடைசியில் இருந்தது பத்துப் பேர் கொண்ட குழு. வீரனுக்கு நன்கு தெரிந்த உலகம் அந்தப் பத்துப் பேரும் அவர்களின் ஒரே கூடாரமும்தான்.

படை வந்து தங்கிய பகுதியிலேயே வீரர்கள் குடும்பம் அமைத்தனர், நிலம் சேர்த்தனர், உழுதனர். அரசு நிலத்தைப் பங்கிட்டுத் தந்ததா, வீரர்களே தம் கூலியைக் கொண்டும் திருமண உறவாலும் மெல்ல நிலவுடைமையாளர் ஆனார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். விளைவில் மாறுபாடு இல்லை. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் தெமா வீரன் கிராமத்துக் குடியானவனாகவே வாழ்ந்தான். படையில் சேரும் கடமை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. குதிரையும் ஆயுதமும் வழிச்சோறும் அவன் வீட்டுப் பொறுப்பு. கைம்மாறாக அந்த வீட்டுக்குச் சில வரிகளிலிருந்தும் கட்டாய ஊழியங்களிலிருந்தும் விலக்குக் கிடைத்தது. அரசு தன் செலவைக் கிராமத்து வீட்டின் முற்றத்தில் இறக்கிவைத்தது என்று சொல்வதே பொருத்தம்.

அந்தச் சுமை எவ்வளவு கனமானது என்பதை அரசாங்க ஆவணங்களைவிடத் துறவியரின் வரலாறுகள் நன்றாகக் காட்டுகின்றன. எட்டாம் நூற்றாண்டில் பாஃப்ளகோனியாவில் வாழ்ந்த கொடையாளி ஃபிலரேத்தோஸின் வரலாற்றை அவர் பேரன் நிகேத்தாஸ் எழுதினார். அதில் மூசூலியோஸ் என்ற ஏழை வீரன் வருகிறான். ஆள்கணக்குப் பார்க்கும் நாள் வந்துவிட்டது. அவனுடைய குதிரையோ செத்துவிழுந்தது. வேறு குதிரை வாங்க வழியில்லை. குதிரையின்றி அணியில் நின்றால் தளபதியின் தண்டனை நிச்சயம். ஓடிவந்து ஃபிலரேத்தோஸின் காலில் விழுகிறான். அவரும் வறுமைப்பட்டிருந்த நேரம். ஆயினும் தமக்கு மிஞ்சியிருந்த ஒரே குதிரையைக் கொடுத்துவிடுகிறார். கதை கொடையாளியின் பெருமையைச் சொல்ல எழுந்தது. அதற்குள் ஒளிந்திருக்கும் செய்தி வேறு: ஒரு குதிரை செத்தால் ஒரு வீரன் அழிந்தான்.

அரசும் இதை அறிந்திருந்தது. பேரரசர் முதலாம் நிக்கெஃபோரோஸ் 810 வாக்கில் பிறப்பித்த ஆணைகளில் ஒன்று, ஆயுதம் வாங்க இயலாத ஏழைகளையும் படையில் சேர்த்து, ஆளுக்குப் பதினெட்டரைப் பொற்காசு வீதம் அவர்களின் அண்டை வீட்டார் கொடுத்து ஆயத்தப்படுத்த வேண்டும் என்றது. இதைப் பதிவுசெய்த வரலாற்றாசிரியர் தியோஃபனேஸ், பேரரசர் குடிகளுக்கு இழைத்த கொடுமைகளின் பட்டியலில் இதையும் சேர்த்தார். தியோஃபனேஸ் ஒரு துறவி. மடங்களின் மேல் வரி போட்ட நிக்கெஃபோரோஸ்மீது அவருக்கு ஆறாத கோபம். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒருவனால் தாங்க முடியாத செலவை ஊரே பகிர்ந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடாகத்தான் அது தெரிகிறது.

பத்தாம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் ஏழாம் கான்ஸ்டான்டைனின் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது. குதிரைவீரனின் கடமையைத் தாங்கும் நிலம் குறைந்தது நான்கு ராத்தல் பொன் மதிப்புடையதாக இருக்க வேண்டும். அதை விற்கக் கூடாது. ராத்தலுக்கு 72 பொற்காசு என்பது அக்காலக் கணக்கு. ஆகவே நான்கு ராத்தல் என்பது 288 காசு. ஏஜியன், சாமோஸ், கிபிர்ரயோத்தாய் ஆகிய கடற்படைத் தெமாக்களின் மாலுமிகளுக்கும் இதே அளவுதான். தலைநகர்க் கடற்படையின் மாலுமிக்கு இரண்டு ராத்தல் போதும். பெருநிலக்கிழார்கள் வறுமைப்பட்ட வீரர்களின் நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. விற்கக் கூடாது என்று சட்டம் போடவேண்டி வந்ததே விற்பனை தாராளமாக நடந்ததற்குச் சான்று.

கூலி இல்லாமல் இல்லை. குறைவாக இருந்தது, நெடுநாளுக்கு ஒருமுறை வந்தது. முற்காலத்தில் தெமாக்களுக்கு முறைவைத்து நான்காண்டுக்கு ஒருமுறை கூலி வழங்கப்பட்டதாக ஏழாம் கான்ஸ்டான்டைன் எழுதுகிறார். ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு நிலவியலாளர் இப்னு குர்தாத்பிஹ் கணக்குப்படி, மீசை முளைக்காத வயதில் சேர்பவனுக்கு முதலாண்டு ஒரு பொற்காசு, அடுத்த ஆண்டு இரண்டு என ஏறி, பன்னிரண்டாம் ஆண்டில் பன்னிரண்டு காசு கிடைத்தது. அனதோலிக்கோன் போன்ற பெரிய தெமாவின் தளபதிக்கோ ஆண்டுக்கு நாற்பது ராத்தல் பொன். அடிமட்ட வீரனுக்கும் தளபதிக்கும் இடையே இருநூறு மடங்குக்கும் மேல் இடைவெளி.

கூலிப்பணம் மூட்டைகளாகத் தலைநகரிலிருந்து மாகாணங்களுக்குப் போனது. எதிரிக்கும் இது தெரியும். 809இல் ஸ்த்ரிமோன் ஆற்றங்கரையில் பல்கர்கள் படையைத் தாக்கி 1,100 ராத்தல் பொன்னை அள்ளிச்சென்றனர். இரண்டாண்டு கழித்து யூக்கையிட்டாவில் அரபுப் படை அர்மெனியாக்கோன் தெமாவின் கூலியான 1,300 ராத்தலைக் கைப்பற்றியது. ஒரு மாகாணத்தின் வீரர் எல்லோரும் காத்திருந்த காசு ஒரே நாளில் போனது. அப்போது அந்தத் தெமாவின் தளபதியாயிருந்த லியோ அதற்காகத் தண்டிக்கப்பட்டார். 813இல் அவரே பேரரசரானார் என்பது பைசாந்திய அரசியலின் விசித்திரம்.

கூலி போதாதபோது கொள்ளைப் பொருள் கைகொடுத்தது. மூன்றாம் லியோவின் சட்டத்தொகுப்பான எக்லோகா, போர்ப்பொருளில் ஆறில் ஒரு பங்கைக் கருவூலத்துக்கு ஒதுக்கி, எஞ்சியதைப் பெரியவர் சிறியவர் பேதமின்றி வீரர்களுக்குச் சமமாகப் பங்கிடச் சொன்னது.

தெமா வீரர்களுக்கு நேரெதிராக, தலைநகரைச் சுற்றி முழுநேரக் கூலிப்படை ஒன்று வளர்ந்தது. ஒப்சிக்கியோன் தெமாவின் தலைவர் அர்த்தவாஸ்தோஸ் 742ஐ ஒட்டிக் கலகம் செய்து கான்ஸ்டாண்டினோபிளையே பிடித்துக்கொண்டார். அவரை முறியடித்த ஐந்தாம் கான்ஸ்டான்டைன், தம்மைத் தவிர வேறு யாருக்கும் கட்டுப்படாத படைப்பிரிவுகளை உருவாக்கினார். அவற்றை 'தக்மா' என்றனர். அணிவகுப்புக்கு மட்டும் பயன்பட்டுவந்த ஸ்கோலாய் என்ற பழைய காவற்படையும், எக்ஸ்கூபிட்டோய் என்ற இன்னொன்றும் உண்மையான போர்ப்படைகளாக மாறின. இங்கும் கிராமத்துப் பிள்ளைகளே சேர்ந்தனர். பித்தினியாவில் பன்றி மேய்த்துத் திரிந்த இயோவான்னிக்கியோஸ் என்பவர் எக்ஸ்கூபிட்டோயில் சேர்ந்து, 792இல் மார்கெல்லாய் என்ற இடத்தில் பல்கர்களிடம் பைசாந்தியர் தோற்ற போரில் பங்கேற்றார். அதற்குப் பிறகு படையை விட்டு மலையேறித் துறவியானார். பிற்காலத்தில் புனிதராக வணங்கப்பட்டதால் அவர் பெயர் நிலைத்தது. அவரோடு அணியில் நின்ற மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்த வீரர்கள் எப்படிப் போரிட்டனர், என்ன உண்டனர், எப்படித் தூங்கினர் என்பதெல்லாம் இவ்வளவு விரிவாக இன்று தெரிவதற்குக் காரணம், பைசாந்தியர் போரைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்ததுதான். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் மாரிஸின் பெயரால் எழுந்த ஸ்த்ரத்தேகிகோன் இவற்றில் தலையாயது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறாம் லியோ தமது தக்திக்காவில் அதைப் பெருமளவு எடுத்தாண்டார். லியோ ஒருமுறையும் போர்க்களம் போனவரல்ல. அதனால் அவர் நூலில் எது நடப்பு, எது பழைய ஏட்டின் நகல் என்று பிரித்தறிவது கடினம். அறுபதாண்டு கழித்து எழுதிய பேரரசர் இரண்டாம் நிக்கெஃபோரோஸ் ஃபோக்காஸ் வாழ்நாளெல்லாம் படையோடு திரிந்தவர். அவரது நூலில் அலங்காரம் இல்லை. ஈட்டியின் நீளமும் குதிரையின் கவசமும் கோவேறு கழுதையின் சுமையும்தான் இருக்கின்றன.

அந்த நூலில் வரும் காலாள் வீரனின் உடை, ஓவியங்களில் மின்னும் பைசாந்திய வீரர்களுக்குச் சற்றும் பொருந்தாது. இரும்புத் தலைச்சீரா வாங்க முடியாதவன் அழுத்திய கம்பளியாலான தடித்த குல்லாயை அணிந்து அதன்மேல் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டான். உடம்புக்கு இரும்புக்குப் பதில் பருத்தியும் முரட்டுப் பட்டும் திணித்துத் தைத்த கனத்த மேலங்கி. கையில் பெரிய கேடயம், நீண்ட ஈட்டி. இடுப்பில் வாள் அல்லது கோடாலி. சிலருக்குக் கவணும் இருந்தது. கவசக் குதிரைகளை எதிர்க்க, மெனாவ்லியோன் என்ற தடித்த வேலைப் பிடித்தவர்கள் முன்னே நின்றனர். இளம் ஓக் மரத்தின் தண்டை முழுதாக வெட்டிச் செய்த வேல் அது. இரண்டு காலாட்களுக்குச் சுமை தூக்க ஒரு கோவேறு கழுதை, நான்கு பேரின் உடைமைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏவலாள்.

குதிரைவீரன் நிலை கொஞ்சம் மேல். சேணத்தில் தொங்கும் இரண்டு இரும்பு அங்கவடிகளைப் பற்றி ஐரோப்பிய எழுத்துகளில் முதலில் பேசுவது ஸ்த்ரத்தேகிகோன்தான். புல்வெளியிலிருந்து வந்த அவார்களிடம் பைசாந்தியர் கற்றவை பல. நடுவில் வார் கட்டிய நீண்ட ஈட்டியும், தளர்ந்த நீண்ட மேலாடையும், வட்டக் கூடாரமும் அவற்றுள் சில. வில்லை மிக முக்கியமாகக் கருதிய அந்நூல், நாற்பது வயதுக்கு உட்பட்ட எல்லா இளைஞரும் வில்லும் அம்பறாத்தூணியும் வைத்திருக்க வேண்டும் என்றது. மழையில் வில்லும் கவசமும் நனையாதிருக்க, இரண்டையும் மூடிக்கொள்ளும் அளவு பெரிய கம்பளிப் போர்வை ஒன்றும் வேண்டும் என்றது. முந்நூறு ஆண்டுக்குப் பின் ஆறாம் லியோ, பைசாந்தியர் வில்வித்தையைக் கைவிட்டதுதான் பல தோல்விகளுக்குக் காரணம் என்று புலம்புகிறார்.

படைப்பயணத்தில் பகலெல்லாம் நடந்த வீரனின் மாலை மண்வெட்டியோடு தொடங்கியது. ஒவ்வொரு இரவும் அகழி தோண்டி, மண்ணை உட்புறம் மேடாகக் குவித்துச் சதுரமான பாசறை அமைப்பது பழைய ரோமானிய வழக்கம். பைசாந்தியர் அதை விடவில்லை. அகழிக்கு வெளியே நெருஞ்சிமுள்போல எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும் இரும்பு முட்களைப் பரப்பினர். காலையில் ஒன்றுகூட விட்டுப்போகாமல் எடுக்க வசதியாக அவற்றை மெல்லிய கயிற்றில் கோத்து ஓர் ஆணியில் கட்டியிருந்தனர். இரும்பு விலை அப்படி. பத்துப் பேர் குழுவின் வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஸ்த்ரத்தேகிகோன் எண்ணிச் சொல்கிறது: திரிகைக்கல், கோடாலி, வாச்சி, ரம்பம், சம்மட்டி, மண்வெட்டி, கூடை, அரிவாள். ஆயுதங்களைவிடக் கருவிகளே மிகுதி. பாதி வேலை தச்சனுடையது, மீதி உழவனுடையது. குடியானவனுக்கு இது புதிதல்ல.

உணவில் முதலிடம் இருமுறை சுட்டுக் காயவைத்த ரொட்டிக்கு. அதைப் பாக்ஸிமாதியோன் என்றனர். கல்போல் இறுகிய அதை நீரிலோ மதுவிலோ நனைத்துத்தான் தின்ன முடியும். ஆனால் மாதக்கணக்கில் கெடாது. குதிரைவீரன் சேணப்பையில் இருபது முப்பது ராத்தல் ரொட்டியோ மாவோ எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதோடு உப்புக்கண்டம், பாலாடைக்கட்டி, அவரை, காடி கலந்த தண்ணீர். இரண்டாம் முறை சுடுவதைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 533இல் ஒரு பாடம் கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய தளபதி பெலிசாரியஸின் படைக்கு ரொட்டி தரவேண்டிய அமைச்சர் கப்படோக்கியா யோவான், விறகுச் செலவையும் எடை இழப்பையும் மிச்சப்படுத்த எண்ணி, பொதுக் குளியலறையின் உலைச்சூட்டில் மாவை அரைகுறையாகச் சுடவைத்தார். கப்பல் மெத்தோனியை அடைவதற்குள் ரொட்டி உதிர்ந்து அழுகி நாறியது. அதைத் தின்ற ஐந்நூறு பேர் இறந்தனர் என்று உடன்சென்ற வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதுகிறார். ஒரு வாளும் உருவப்படாமலே ஐந்நூறு பேர்.

விடியற்காலையிலும் இரவு உணவுக்குப் பிறகும் பாசறை முழுதும் 'தூய இறைவா' என்னும் மும்முறைத் துதியைப் பாடியது. போருக்கு முன் மூன்று நாள் நோன்பிருந்து, பாவ அறிக்கை செய்து, நற்கருணை பெற வேண்டும் என்று நிக்கெஃபோரோஸ் ஃபோக்காஸ் வலியுறுத்தினார். பக்தியோடு நடைமுறையும் கைகோத்து நின்றது. ஒவ்வொரு பாந்தோனிலும் எட்டுப் பத்துப் பேர் ஆயுதமின்றி அணிக்குச் சற்றுப் பின்னே நின்றனர். தெபொத்தாத்தோய் என்ற இவர்களின் வேலை, குதிரையிலிருந்து விழுந்தவரையும் காயம்பட்டவரையும் காப்பாற்றுவது. அவர்கள் சேணத்தில் இரண்டு அங்கவடிகளும் இடப்பக்கமே, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் தொங்கின. காயம்பட்டவனும் அதே பக்கத்தில் கால்வைத்து ஏறிப் பின்னால் உட்காரலாம். மயங்கியவருக்குக் கொடுக்கத் தண்ணீர்க்குடுவை. காப்பாற்றிய ஒவ்வோர் ஆளுக்கும் கூலிக்கு மேல் ஒரு பொற்காசு. பயிற்சி பெற்ற வீரனை இழப்பது அரசுக்கு எவ்வளவு நட்டம் என்பதை அந்தக் காசே சொல்கிறது.

இத்தனை ஆயத்தமும் பெரும்போர்களுக்காக அல்ல. பெரும்போரைத் தவிர்ப்பதுதான் பைசாந்தியத் தளபதியின் திறமைக்கு அடையாளம். ஏழு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை கிழக்கு எல்லையில் நடந்தது ஆண்டுதோறும் திரும்பும் எல்லைத் தாக்குதல். அதற்குப் பருவமும் உண்டு. அரபு எழுத்தாளர் குதாமா, வசந்தகாலத் தாக்குதல் மே 10 வாக்கில் தொடங்கி முப்பது நாளும், கோடைத் தாக்குதல் ஜூலை 10இலிருந்து அறுபது நாளும் நீடிக்கும் என்கிறார். குளிர்காலத் தாக்குதல் தேவையானால் மட்டும், பிப்ரவரி இறுதியில், இருபது நாளுக்கு மிகாமல். குதிரைகளுக்குப் புல் எப்போது கிடைக்கும் என்பதே இந்த அட்டவணையை வகுத்தது. தார்சஸிலும் மெலித்தேனேவிலும் கூடிய அரபுப் படைகள் சிலீசியக் கணவாய் முதலான மலைவழிகளின் ஊடாக ஏறிவந்து, ஊர்களைச் சூறையாடி, மனிதரையும் கால்நடையையும் ஓட்டிக்கொண்டு திரும்பின.

இதற்குப் பைசாந்தியர் கண்ட விடையைப் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட எல்லைப்போர் நூல் ஒன்று விளக்குகிறது. உயரமான இடங்களில் மூன்று நான்கு மைல் இடைவெளியில் காவலாட்கள். பதினைந்து நாளுக்கான உணவோடு போய், முறை முடிந்ததும் வேறு ஆட்கள். எதிரியின் நடமாட்டம் தெரிந்ததும் செய்தி பறக்கும். கிராமத்தாரைக் கால்நடையோடு கோட்டைக்கும் மலைக்கும் அனுப்பத் தனி அதிகாரிகள் உண்டு. தளபதி சிறு குதிரைப்படையோடு எதிரியைத் தொட்டும் தொடாமலும் பின்தொடர்வார். புல் தேடியும் உணவு தேடியும் பிரிந்துபோகும் சிறு குழுக்களை வெட்டுவார். உள்ளே வருபவனைத் தடுப்பதைவிட, கொள்ளைச் சுமையோடு களைத்துத் திரும்புபவனைக் கணவாயில் மடக்குவதே மேல் என்பது அந்நூலின் அடிப்படை அறிவுரை. அதற்குள் காலாட்படை மலைமேல் இடம்பிடித்துவிடும்.

960இல் தளபதி லியோ ஃபோக்காஸ் அந்த்ராஸ்ஸோஸ் கணவாயில் அலெப்போவின் எமிர் சைஃப் அல்தவ்லாவுக்கு இப்படித்தான் பாடம் புகட்டினார். அலெப்போப் படை அழிந்தது. துரத்தி வந்தவர்களைத் தாமதப்படுத்தப் பொன்னையும் வெள்ளியையும் வழியில் இறைத்தபடியே சைஃப் தப்பியோடியதாக வரலாற்றாசிரியர் லியோ டீக்கன் சொல்கிறார். இந்தத் தந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. தந்திரத்தின் பெருமை பேசும் நூல்கள் அந்த விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எதிரி உள்ளே வந்து திரும்பும்வரை எரிந்த வயல்கள், பாதுகாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அதே வீரர்களின் வயல்கள்.

தலைநகருக்குச் செய்தி கொண்டுபோகத் தீச்சுடர்த் தொடர் ஒன்றும் இருந்தது. சிலீசியக் கணவாய்க்கு அருகே லூலோன் கோட்டையில் ஏற்றும் தீயை அடுத்த மலையிலிருந்தவர் பார்த்து ஏற்ற, ஒன்பது நிலையங்கள் வழியே எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் தாண்டிச் செய்தி அரண்மனையை எட்டும். பேரரசர் தியோஃபிலோஸ் காலத்தில் கணித மேதை லியோ, ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்களை இரு முனையிலும் வைத்து, எந்த மணியில் தீ எரிகிறதோ அதற்கேற்பப் பொருள் மாறும்படி வகுத்தார் என்று நூல்கள் கூறுகின்றன. அதே தியோஃபிலோஸ் ஆட்சியில்தான் 838இல் அமோரியோன் நகரம் கலீஃபா அல்முஃதசிமிடம் வீழ்ந்தது. பிடிபட்ட அதிகாரிகளில் நாற்பத்திரண்டு பேர் மதம் மாற மறுத்து 845இல் கொல்லப்பட்டனர். செய்தி விரைவாக வந்துவிடலாம். அனுப்பப் படை வேண்டும்.

சிறைப்பட்டவர் எல்லோருக்கும் அந்த முடிவு நேரவில்லை. தார்சஸுக்கு மேற்கே லாமோஸ் ஆற்றங்கரையில் 805 முதல் இரு அரசுகளும் அவ்வப்போது சிறைக்கைதிகளை மாற்றிக்கொண்டன. இந்தக் கரையிலிருந்து ஒருவர், அந்தக் கரையிலிருந்து ஒருவர். கரையேறியதும் ஒரு பக்கம் 'ஆண்டவரே இரங்கும்' என்ற குரலும் மறுபக்கம் 'அல்லாஹு அக்பர்' என்ற குரலும் எழும். பரம எதிரிகளிடையே இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு நிலைத்ததற்குப் பழகிப்போன பகைமையும் ஒரு காரணம்.

கடலில் நிலைமை வேறு. ட்ரோமோன் என்னும் போர்க்கப்பல்கள் இரண்டு அடுக்குத் துடுப்புகளோடு ஓடின. 911ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கான பட்டியலில் ஒவ்வொரு ட்ரோமோனுக்கும் 230 துடுப்பாளரும் 70 வீரரும் கணக்கிடப்பட்டிருக்கின்றனர். துடுப்பு வலித்தவர் அடிமைகள் அல்லர். சண்டை மூண்டால் அவர்களும் ஆயுதம் எடுத்தனர். ஏழாம் நூற்றாண்டில் சிரியாவின் ஹீலியோபோலிஸிலிருந்து தப்பிவந்த கட்டடக் கலைஞர் கல்லினிக்கோஸ் கொண்டுவந்த கிரேக்க நெருப்பு, வெண்கலக் குழாய் வழியே பீய்ச்சியடிக்கப்பட்டது, தண்ணீரின்மேலும் எரிந்தது. 717-718இல் கான்ஸ்டாண்டினோபிளை முற்றுகையிட்ட அரபுக் கடற்படையை அதுவும் கடுங்குளிரும் சேர்ந்து வீழ்த்தின. 941இல் ரஷ்ய இளவரசர் இகோரின் பெருங்கப்பற்கூட்டம் வந்தபோது தலைநகரில் இருந்தவை பதினைந்து பழைய கப்பல்கள். அவற்றைச் செப்பனிட்டு, நாற்புறமும் நெருப்புக்குழாய் பொருத்தி அனுப்பினர், அதுவே போதுமாயிற்று. செய்முறையைச் சிலர் மட்டுமே அறிந்திருந்தனர். அவர்களோடே அது மறைந்தது.

தெமாக்களின் பெரிய பலவீனம் எதிரியிடமிருந்து வந்ததல்ல. சொந்த ஊரில் சொந்தத் தளபதியின் கீழ் வாழ்ந்த படை, தன் குறையைத் தலைநகர் கேட்காவிட்டால் தளபதியையே பேரரசராக்கிவிடும். இந்தப் பழக்கம் தெமாக்களுக்கும் முந்தையது. 588இல் கூலியில் கால்பங்கைக் குறைத்தபோது கீழைப் படை புதிய தளபதிமீது கல்லெறிந்தது. 602இல் தானூப் ஆற்றுக்கு அப்பால் குளிர்காலத்தைக் கழிக்கச் சொன்ன மாரிஸ் அரியணையையும் உயிரையும் இழந்தார். சிறந்த போர்நூல் யார் பெயரில் வழங்குகிறதோ, அவரையே அவர் படை கொன்றது. 681இல் அனதோலிக்கோன் வீரர்கள் தலைநகருக்கு எதிர்க்கரையில் வந்து நின்று, திரித்துவத்தை நம்புவதால் மூன்று பேரரசர் வேண்டும் என்று முழங்கினர். நான்காம் கான்ஸ்டான்டைன் தலைவர்களைத் தூக்கிலிட்டு, தம் இரு தம்பியரின் மூக்கை அறுத்துச் சிக்கலைத் தீர்த்தார். 695 முதல் 717 வரை இருபத்திரண்டு ஆண்டில் அரியணை ஏழுமுறை கைமாறியது. பின்னால் பெரிய தெமாக்கள் சிறியனவாக உடைக்கப்பட்டதற்கும் தக்மாக்கள் வளர்க்கப்பட்டதற்கும் இந்த அச்சமே முதற்காரணம்.

பத்தாம் நூற்றாண்டில் போர் திசைமாறியது. 863இல் லலக்காவோன் ஆற்றருகே மெலித்தேனேயின் எமிர் உமர் கொல்லப்பட்டதே அதற்கு முன்னறிகுறி. பின்னர் நிக்கெஃபோரோஸ் ஃபோக்காஸ் 961இல் கிரீட் தீவையும் 965இல் தார்சஸையும் வென்றார். 969இல் அந்தியோக்கியா விழுந்தது. இந்தப் படையெடுப்புகளின் முனையாக நின்றது கதாஃப்ராக்தோய் என்ற கவசக் குதிரைப்படை. ஆளின் கண்கள் மட்டும் தெரியும். குதிரையும் முழங்கால்வரை எருதுத்தோலும் அழுத்திய கம்பளியும் போர்த்தியிருக்கும். முதல் வரிசையில் இருபது பேர், ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு பேர் கூடி, பன்னிரண்டாம் வரிசையில் அறுபத்துநான்கு. மொத்தம் 504 பேர் ஆப்புபோல் கூர்த்த அணியாக, ஓடாமல் மெல்ல நடைபோட்டு எதிரியின் நடுவுக்குள் இறங்குவர். அவ்வளவு இரும்பைச் சிறு குடியானவன் வாங்க முடியாது. கவச வீரனுக்குரிய நிலத்தின் அளவை நிக்கெஃபோரோஸ் நான்கிலிருந்து பன்னிரண்டு ராத்தலாக உயர்த்தினார். மூசூலியோஸ் போன்றவர்களுக்கு அந்த அணியில் இடமில்லை.

போரில் மடிந்த வீரர்களை வேதசாட்சிகளாக அறிவிக்க வேண்டும் என்றும் நிக்கெஃபோரோஸ் திருச்சபையிடம் கேட்டார். முதுபெரும் தலைவர் போலியூக்தோஸ் மறுத்தார். போரில் கொன்றவர் மூன்றாண்டு நற்கருணையிலிருந்து விலகியிருப்பது நல்லது என்ற புனித பசிலியின் பழைய விதியை ஆயர்கள் எடுத்துக்காட்டினர். புனிதப் போர் என்ற கருத்துக்குப் பைசாந்தியத் திருச்சபை இறுதிவரை முழுமனதோடு இடந்தரவில்லை. இது அதன் நேர்மைக்குச் சான்று என்றே கொள்ளலாம்.

எல்லைப்போர் நூலின் ஆசிரியர் ஓரிடத்தில் தந்திரங்களை நிறுத்திவிட்டு மனம் வெதும்பிப் பேசுகிறார். எல்லையைக் காக்கும் வீரர்களை வரி தண்டுவோர் அவமதித்து அடிக்கிறார்கள். வீரனின் வீடு எல்லா வரியிலிருந்தும் விடுபட வேண்டும். இல்லையேல் வீரமும் இருக்காது என்கிறார். கேட்பாரில்லை. எல்லை சிரியாவரை நகர்ந்துவிட்டதால் உள்நாட்டுத் தெமா வீரன் தேவையற்றவனானான். அவன் படைக்கடமை படிப்படியாகப் பணவரியாக மாற்றப்பட்டது. அந்தப் பணத்தில் வெளிநாட்டு வீரர் அமர்த்தப்பட்டனர். 988இல் கியேவின் விளாதிமிர் பேரரசர் இரண்டாம் பசிலுக்கு அனுப்பிய ஆறாயிரம் பேரிலிருந்து வரங்கியக் காவற்படை பிறந்தது. பதினோராம் நூற்றாண்டின் நடுவில் ஒன்பதாம் கான்ஸ்டான்டைன் கிழக்கெல்லையில் இருந்த ஐபீரியாவின் எல்லைப் படையின் கடமையையும் வரியாக்கினார். செல்ஜுக் துருக்கியர் அந்த வழியாக உள்ளே வந்ததற்கு அக்கால வரலாற்றாசிரியர்கள் அந்த ஆணையையே குற்றம் சாட்டினர். 1071இல் மன்ஸிகெர்ட்டில் துருக்கியரிடம் நேர்ந்த தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்பது மிகை. அதற்குப் பின் நடந்த உள்நாட்டுப் போருக்கே பழியில் பெரும்பங்கு. ஆனால் முந்நூறு ஆண்டு அரபுத் தாக்குதலைத் தாங்கிய அனத்தோலியா, அடுத்த பத்தாண்டுக்குள் பெரும்பகுதி கைநழுவியபோது, ஊரைக் காக்க ஊரிலேயே குதிரையோடு காத்திருந்த வீரன் அங்கு இல்லை.